பார் இல்லாத சைக்கிள்

அந்த சைக்கிள் மூன்று கை மாறி என்னிடம் வந்தது. முதலில் யாரோ ஒரு துரை ஓட்டினாராம். அப்புறம் பூந்தமல்லியில் ஒரு கம்பவுண்டர். அவருக்குக் கண் மங்கினதும் எனக்குக் கொடுத்துவிட்டார். சீமையில் செய்த வண்டி. பெயிண்ட் போய், துரு வந்து, துருவும் தேய்ந்து பளபளப்பாகிவிட்டது. ஏழு வருஷத்தில் இரண்டு டயர், ஒரு செயின். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. இந்த வீட்டில் அப்படி ஒன்றும் கேட்காமல் இருப்பது அது ஒன்றுதான் என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இல்லை.

நூம்பலில் குடியிருந்தோம். வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு போல்ட்டு கம்பெனியில். எஸ்டேட் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. பாதி ஷெட்டு, பாதி முள்ளுச் செடி. எனக்கு மரை போடும் மெஷின். போல்ட்டை மாட்டு, மரை போடு, கழற்று. அஞ்சாவது வரைக்கும் படித்தவனுக்கு அது போதும்.

டெம்பரவரி வேலை. ஆறு மாசம் வைத்துக்கொள்வார்கள். அப்புறம் கொஞ்ச நாள் வீட்டில் உட்கார வைப்பார்கள். மறுபடி புது ஆள் மாதிரி எடுப்பார்கள். இப்படி மூன்றாவது வருஷம் ஓடியது. அந்த மார்கழியில் ஒரு பேச்சு வந்தது. பொங்கல் கழிந்ததும் எட்டுப் பேரை பெர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள். அந்த ஒரு மாசம் யார் யார் நேரத்துக்கு வருகிறார்கள் என்று பார்ப்பார்களாம். மூன்று லேட்டு விழுந்தால் பேர் லிஸ்டில் இருக்காது.

காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதும். வாசலில் ஒரு பலகை. அதில் எங்கள் நம்பர் போட்ட பித்தளை டோக்கன்கள் தொங்கும். எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். சங்கு நின்றதும் டைம் கீப்பர் பலகைக்குப் பூட்டு போட்டுவிடுவார். அப்புறம் வந்தால் லேட்டு. அரை மணிக்கு மேல் ஆனால் உள்ளேயே விட மாட்டார்கள், அன்றைக்கு வீட்டுக்குத்தான்.

என் மனைவி அப்போது ஆறு மாசம். தலைப்பிள்ளை. "புள்ள பொறக்கிற நேரம் பார்த்து உன்னை ஊட்ல உக்கார வெச்சான்னா இன்னா பண்றது?" என்று கேட்டாள். ஒரு தடவைதான் கேட்டாள். நான் நேரத்துக்குப் போனேன். அந்த சைக்கிள் என்னை ஏழு வருஷத்தில் எந்த வேலைக்கும் ஒரு நாள்கூட லேட்டாகக் கொண்டுபோய் விட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ஓட்டினது நான் என்று நினைப்பு.

அயனம்பாக்கம் ஏரி ஓரமாகத்தான் என் வழி. மார்கழிப் பனியில் அங்கே கையை நீட்டினால் விரல் தெரியாது. சைக்கிளில் டைனமோ இருந்தது. அதை டயர்மேல் சாய்த்தால் லைட்டு எரியும், ஆனால் மிதிக்கக் கனமாக இருக்கும். அதனால் நான் சாய்ப்பதே இல்லை. பாதைதான் நமக்குத் தெரியுமே என்று இருந்தேன். பாதை தெரியும். பாதையில் என்ன நிற்கிறது என்பது தெரியாது.

முகத்தில் ஏதோ மெத்தென்று பட்டது. வாசனையாகவும் இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, நான் ஒரு வைக்கோல் வண்டிக்குள் இருக்கிறேன். இடுப்பு வரைக்கும் உள்ளே. கால் மட்டும் வெளியே. வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு ஓரமாக ஒதுங்கப் போயிருந்தார். மாடுகள் மிரண்டு ரெண்டடி பின்னால் வந்தன. என் சைக்கிள் வண்டிக்கு அடியில் போயிருந்தது. சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கின சத்தம் கேட்டது. வைக்கோலுக்குள் இருந்ததால் மெதுவாகத்தான் கேட்டது.

வண்டிக்காரர் என் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"யோவ், கண்ணு கீதாய்யா உனக்கு? ஊடு மாதிரி நிக்குது. இது தெரியலியா?"

"பனி" என்றேன்.

"பனியா? மாட்டுக்குத் தெரியுது. உனக்குத் தெரியலியா?"

"உன் வண்டில லாந்தர் இல்லியே."

"உன் வண்டில லைட்டு எரிஞ்சுதா?"

அதோடு பேச்சு முடிந்தது. என் உடம்பில் ஒரு கீறல் இல்லை. சைக்கிளை இழுத்துப் பார்த்தோம். முன்சக்கரம் அப்பளம் மாதிரி மடங்கியிருந்தது. ஃபிரேம் கழுத்துப் பக்கம் விரிசல் விட்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டிக்காரருக்குக் கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும்.

"நான் எஸ்டேட் பக்கம்தான் போறேன். சாயங்காலம் காலி வண்டிதான், பூந்தமல்லிக்குத் திரும்பும். இத்த மேல போடு. நீ ஓடு" என்றார்.

ஓடினேன். பத்து நிமிஷம் லேட்டு. பலகை பூட்டியிருந்தது. டைம் கீப்பர் கண்ணாடியை இறக்கி என் தலையைப் பார்த்தார்.

"மாடு மேச்சுட்டு வர்றியா?"

லேட்டு எழுதிக்கொண்டார். அன்றைக்கு முழுக்க என் சட்டைக்குள்ளிருந்து வைக்கோல் வந்துகொண்டே இருந்தது. பக்கத்து மெஷின்காரன் ஒவ்வொன்றாக எடுத்து என் போல்ட்டுப் பெட்டியில் போட்டான்.

சாயந்திரம் சொன்னபடி வண்டி கம்பெனி வாசலில் நின்றது. உள்ளே என் சைக்கிள் கிடந்தது. வண்டிக்காரர் சிரித்தார். "ஏறு. காலைல பாதி ஏறினே. இப்ப முழுசா ஏறு."

பூந்தமல்லியில் பாய் கடை வாசலில் இறக்கிவிட்டார். எங்கள் பக்கத்து சைக்கிளுக்கெல்லாம் அந்த பாய்தான். உட்கார்ந்து, ஃபிரேமை விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். டாக்டர்கூட என் மனைவியை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

"போச்சு நைனா."

"வெல்டு வை பாய்."

"வெக்கிறேன். கடை வாசல் வரைக்கும் நல்லா போகும். உன் ஏரிக்கரைல புட்டுக்கும். அப்புறம் உன் ஊட்டம்மா வந்து என்னைக் கேக்கும். எனக்கு அது வேணாம்."

"புது வண்டிக்கு என்கிட்ட வழியில்லை."

அவர் கடை மூலையைக் காட்டினார். அங்கே ஒரு சைக்கிள் நின்றது. நல்ல மெரூன் கலர். செயினுக்கு முழு மூடி. பின்சக்கரத்தில் சேலை மாட்டாமல் இருக்க வலை பின்னியிருந்தது. நடுவில் பார் இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் ஓட்டினது. அவருக்கு வெளியூர் மாற்றலாகிவிட்டது. போகும்போது பாயிடம் விற்றுவிட்டார்.

"அது பொம்பளை வண்டி பாய்."

"அது வண்டிக்குத் தெரியாது."

நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேலை போனாலும் போகட்டும், ஆம்பிளை ஆம்பிளைதான் என்ற மாதிரி நடந்தேன். வெள்ளவேடு பஸ் ஒன்று தூசியைக் கிளப்பிவிட்டுப் போனது. அதை யாரும் பார்க்கவில்லை, என் நடையையும் யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் போனேன். நூம்பலிலிருந்து பூந்தமல்லி, அங்கிருந்து ஆவடி, ஆவடியிலிருந்து அம்பத்தூர், அப்புறம் நடை. வடக்கே போக வேண்டியவன் மேற்கே போய்ச் சுற்றி வந்தேன். வாடகை சைக்கிள் கடை அந்த நேரத்தில் திறக்காது. அக்கம்பக்கத்தில் இரவல் கேட்கலாம் என்றால் அவனவன் வண்டியில் அவனவன் வேலைக்குப் போகிறான். இருபது நிமிஷம் லேட்டு.

டைம் கீப்பர் எழுதிவிட்டு ஒரு விரலைக் காட்டினார். "இன்னும் ஒண்ணு."

அன்று சாயந்திரம் பாய் கடையில் போய் நின்றேன். அவர் மெரூன் வண்டியை வெளியே எடுத்துக் காற்றடித்தார். என் பழைய வண்டியில் தப்பின உருப்படிகளை அவர் எடுத்துக்கொள்வது, மேலே கொஞ்சம் நான் தருவது என்று முடிந்தது. பழைய டைனமோவைக் கழற்றி இதில் மாட்டினார். மாட்டிவிட்டு அவரே அதை டயர்மேல் சாய்த்தார்.

"இத்த இப்படியே வெச்சுக்கினு போ."

வீட்டில் என் மனைவி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"எனக்கா வாங்கினே?"

"எனக்கு."

சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, போதும்யா. உள்ள உதைக்குது" என்றாள். நான்தான் என்னமோ சிரிப்புக் காட்டின மாதிரி. அப்புறம் வலையைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லதுதான். வேட்டி மாட்டாது."

நான் யோசித்தேன். எனக்கு யோசனை வருவது அபூர்வம். வந்தால் இப்படித்தான் வரும். கொல்லையில் ஒரு மூங்கில் கழி கிடந்தது. அளவு பார்த்து வெட்டினேன். ஹேண்டில் கழுத்துக்கும் சீட்டுக்கும் நடுவில் வைத்து, பழைய டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். அடுப்புக்கரியை நல்லெண்ணெயில் குழைத்துக் கறுப்பாகப் பூசினேன். தள்ளி நின்று பார்த்தேன். ஆம்பிளை வண்டி.

"இருட்டுல பார்த்தா சரிதான்" என்றாள் என் மனைவி. "இருட்டுலயே போய்டு."

அது எனக்கு நல்ல யோசனையாகப் பட்டது. விடிவதற்கு முன்னால் கிளம்பிவிட்டால் தெருவில் ஒரு ஈ காக்கை இருக்காது. யார் பார்க்கப் போகிறார்கள்?

மார்கழி மாசத்தில் இப்படி நினைத்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். வருஷம் முழுக்க அந்த நேரத்தில் தூங்குகிற ஊர் அந்த ஒரு மாசம்தான் விழித்திருக்கும். நான் வண்டியைத் தெருவில் இறக்கினேன். வீட்டுக்கு வீடு வாசலில் விளக்கு. வீட்டுக்கு வீடு கோலம். கோலத்துக்கு நடுவில் சாணி உருண்டை, அதன்மேல் பூசணிப் பூ. இவ்வளவு பெண்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

திரும்பிப் போகலாம் என்றால் சங்கு காத்திருக்காது. காலைப் பின்பக்கமாக வீசி, ஆம்பிளை வண்டியில் ஏறுகிற மாதிரி ஏறினேன். தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன். டைனமோ போட்டிருந்ததால் லைட்டு என் வண்டியை நன்றாகவே காட்டியது. தெரு முழுக்கக் கோலம். ஒன்றின்மேல் ஏறாமல் ஒடித்து, இன்னொன்றின்மேல் ஏறாமல் ஒடித்தேன். மூன்றாவது ஒடிப்பில் டியூப் கழன்றது. மூங்கிலின் ஒரு முனை தரையில் விழுந்தது. நான் நிறுத்துவதற்குள் ஒரு பெரிய தேர்க்கோலத்தின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு இழுத்துவிட்டது.

கோலத்துக்காரம்மா இடுப்பில் கை வைத்தாள். "இன்னாண்ணா, தேருக்கு வடம் போட்டுத் தர்றியா?"

எதிர்வீட்டில் ஒருத்தி கிட்டே வந்து வண்டியைப் பார்த்தாள். "ஏய், இது நம்ம டீச்சரம்மா வண்டிடி!"

"ஆமாண்டி. டீச்சர் வந்துட்டாங்க!"

"டீச்சர், எங்க புள்ளைக்குப் பாடம் சொல்லித் தர்றியா டீச்சர்?"

நான் மூங்கிலைச் சாக்கடைக்கு அந்தப்பக்கம் வீசினேன். கீழே பார்த்தேன். வேட்டியின் உள்பக்கம் இரண்டு தொடையிலும் கரி. அப்படியே போனேன். ஏரி ஓரத்தில் பனி இருந்தது. அன்றைக்கு அந்தப் பனி எனக்கு ரொம்பப் பிடித்தது.

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் தடுத்தார். பேக்கிங்கில் ஆறு பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களில் மூன்று பேர் சைக்கிளில் வருவார்கள். அந்த வண்டிகளுக்குச் சுவரோரமாகத் தனி வரிசை.

"லேடீஸ் வண்டி அந்த வரிசை."

"நான் லேடீஸ் இல்லை."

"நீ எங்க வேணா நில்லு. வண்டி அங்க நிக்கும்."

நிறுத்தினேன். டோக்கனை எடுத்தேன். சங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. டைம் கீப்பர் ஒன்றும் எழுதவில்லை. அதற்காகத்தானே எல்லாம் என்று உள்ளே போனேன். பக்கத்து மெஷின்காரன் திருவேற்காட்டுப் பக்கத்துக்காரன். எங்கள் தெருவில் அவன் அக்காவைக் கொடுத்திருந்தது. மத்தியானத்துக்குள் அவனுக்கு விஷயம் எப்படி வந்ததோ தெரியவில்லை.

"இன்னா மாமே, பூ வெச்சுக்காம வந்துட்டே?"

நான் மரை போட்டேன்.

"டீச்சர், ஒண்ணுக்கு உட மாட்டீங்களா டீச்சர்?"

இன்னொரு போல்ட்டை மாட்டினேன். அந்த ஷெட்டில் அறுபது பேர். சாயந்திரத்துக்குள் அறுபது பேருக்கும் நான் டீச்சர்.

கோலத்துக்கு முன்னால் கிளம்புவது என்று முடிவு செய்தேன். மறுநாள் இன்னும் சீக்கிரமாகப் புறப்பட்டேன். கோவில் முனையில் பஜனைக் கோஷ்டி ஜால்ராவோடு நின்றது. பாட்டை நிறுத்தவில்லை. ஆனால் எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பின. அதற்கடுத்த நாள் பஜனைக்கும் முன்னால் போனேன். அதற்குமேல் முன்னால் போக நேரம் இல்லை, அது முந்தின நாள் ஆகிவிடும். தெருநாய் ஒன்று மட்டும் கூட ஓடி வந்தது. அதற்கு வண்டியைப் பற்றி அபிப்பிராயம் இல்லை.

அப்படிப் போனால் கம்பெனி வாசலுக்கு ஐந்து மணி வாக்கில் போய்ச் சேர்ந்துவிடுவேன். வாட்ச்மேன் போர்வையை விலக்கி முறைத்துவிட்டுக் கதவைத் திறப்பார். வண்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, மற்றவர்கள் வருவதற்குள் உள்ளே போய்விடுவேன். உள்ளே என்ன செய்வது? மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். இரும்புத் தூளைக் கூட்டி அள்ளினேன். அதுவும் முடிந்தால் பக்கத்து மெஷினுக்கும் எண்ணெய் விட்டேன், அவன் என்னைப் பூ வைக்கச் சொன்னவன் என்றாலும். சாயந்திரம் எல்லாரும் போன பிறகுதான் வெளியே வருவேன். அதுவரை மறுபடியும் கூட்டுவேன்.

வீட்டில் என் மனைவி என்னைப் பார்ப்பதே குறைந்துபோயிற்று. "வேலை போவக் கூடாதுன்னுதான் சொன்னேன். அங்கியே குடி போவச் சொல்லல" என்றாள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் அவளைப் பின்னால் கேரியரில் உட்கார வைத்து அழைத்துப் போவேன். தெருவில் பெண்கள் அவளைப் பார்த்து, "அக்கா, வண்டி உங்களுது, ஓட்டுறது டிரைவரா?" என்பார்கள். அவள் ஆமாம் என்று தலையாட்டுவாள்.

அதற்கப்புறம் ஒரு லேட்டும் விழவில்லை. பொங்கல் கழிந்தது. ஒரு நாள் வேலை முடிந்ததும் எல்லாரையும் ஷெட்டில் நிற்க வைத்தார்கள். மேனேஜர் வந்தார். கையில் லிஸ்டு. இரண்டு லேட்டு என் பேரில் இருந்தது, அது எனக்குத் தெரியும். லிஸ்டில் பேர் இல்லை என்றால் வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

முதல் பேர் என் பேர்.

மேனேஜர் என்னை முன்னால் வரச் சொன்னார். "இவரைப் பாருங்க. சங்கு ஏழு மணிக்கு. இவர் அஞ்சு மணிக்கே வந்துடறார். யாரும் சொல்லாம மெஷினுக்கு எண்ணெய் விடறார், கூட்டறார். கடைசி ஆளாப் போறார். வேலைமேல இவருக்கு இருக்கிற பக்தி உங்க எல்லாருக்கும் வரணும்."

முதலில் ஒருவன் சிரித்தான். அப்புறம் இருவர். அப்புறம் ஷெட்டே சிரித்தது. பேக்கிங் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லா வேலை செய்யறவனைப் பார்த்தா உங்களுக்கு இளக்காரமா?" என்று கத்தினார். டைம் கீப்பர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், ரொம்ப நேரம்.

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பக்தி இல்லை ஐயா, வெட்கம் என்று. சொல்லவில்லை. பேசி எனக்குப் பழக்கமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெர்மனென்ட் ஆனவர்களுக்கு சைக்கிள் வாங்க கம்பெனியில் முன்பணம் தருவார்கள். மறுநாளே கேட்டேன். பாய் கடையில் கறுப்பு வண்டி ஒன்று எடுத்தேன். புதுசு. நடுவில் பார், கைமுட்டி தடிமனில். மெரூன் வண்டியை பாய் திரும்ப எடுத்துக்கொண்டார். "யோசிச்சுக்கோ நைனா. ராசியான வண்டி" என்றார். யோசிக்கவே இல்லை.

முதல் நாள் வெளிச்சம் நன்றாக வந்த பிறகே கிளம்பினேன். ஊர் பார்க்கட்டும். தை மாசம். கோலம் போட்டுவிட்டு எல்லாரும் உள்ளே போயிருந்தார்கள். ஆம்பிளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். தெருவில் ஒரு ஆள் இல்லை. பெல் அடித்துப் பார்த்தேன். யாரும் வரவில்லை. சரி, அயனம்பாக்கம் டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று அங்கே நிறுத்தினேன். வண்டி பக்கவாட்டில் தெரிகிற மாதிரி நிறுத்தினேன். ஒரு டீ குடித்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு டீ சொன்னேன். கடைசியில் நானே ஒருவரைக் கேட்டேன்.

"மணி இன்னா ஆச்சு அண்ணாத்தே?"

அவர் சொன்னார். நான் மிதித்தேன். அவ்வளவு வேகமாகப் பழைய வண்டியைக்கூட மிதித்ததில்லை. கம்பெனி வாசலுக்குப் போனபோது அரை மணி தாண்டி ஏழெட்டு நிமிஷம். டைம் கீப்பர் வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பெர்மனென்ட் ஆயி எத்தினி நாளு ஆவுது?"

"நாலு நாள்."

"ஊட்டுக்குப் போ" என்றார்.

திரும்பி வந்தேன். என் மனைவி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். அவள் எதற்குப் பயந்து பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"இன்னாய்யா, அதுக்குள்ள வந்துட்டே? ஊட்டுக்கு அனுப்பிட்டாங்களா?"

"லீவு" என்றேன். "பெர்மனென்ட் ஆளுக்கு உண்டு."

"சம்பளத்தோடயா?"

நான் துணியை எடுத்துக்கொண்டு சைக்கிளைத் துடைக்கப் போனேன்.